அடுத்தது என்ன?

நம் ஊரில் எதற்கெல்லாமோ விழா எடுக்கிறோம். காது குத்தினால் விருந்து. புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பன்னிரண்டு வருஷம் படித்து முடித்த பிள்ளை, "இனி இன்னது படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் மட்டும், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதோடு சரி. முதல் மதிப்பெண் வாங்கியவனாக இருந்தால் சுவரில் படம் ஒட்டுவார்கள். பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. நல்ல காரியந்தான். மற்றப் பிள்ளைகளைக் கொண்டாடும் வழக்கம்தான் இன்னும் வந்தபாடில்லை.

சென்ற கோடையில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் நடந்த விழாவுக்கு என்னைத் தலைமை வகிக்க அழைத்திருந்தார்கள். தலைமையாசிரியை ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, அடுத்து என்ன படிக்கப் போகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. கைதட்டல் எல்லோருக்கும் ஒரே அளவு.

ஒருவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் என்றான். இன்னொருவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரப் போவதாகச் சொன்னான். ஒருத்தி நர்ஸிங். ஒருத்தி தமிழ் இலக்கியம் என்றதும் ஏனோ எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். "பி.எஸ்ஸி. கணிதம்" என்றவள், சற்று நிறுத்தி, "அப்பா விட்டால்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார்.

"காலேஜு தூரமாச்சே, டீச்சர்."

தலைமையாசிரியை விடவில்லை. டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்ததையும் சொன்னார்.

"பணத்துக்காகச் சொல்லலை, டீச்சர். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டுட்டா, வயசுப் பொண்ணு என்ன பண்ணும்?"

இதற்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. பதில் பெண்கள் வரிசையிலிருந்து வந்தது. "எம் பொண்ணும் அதே காலேஜுக்குத்தாண்ணே போகுது. ரெண்டும் சேர்ந்து போய்ட்டு வரட்டும்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் இனி அவர் "முடியாது" என்று சொல்வதானால் ஊருக்கே காரணம் சொல்லியாக வேண்டும்.

நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகையை ஏன் நாலு பேர் நடுவில் உரக்க வாசிக்கிறோம்? பேச்சு மாறக் கூடாது என்றுதான். படிப்புக்கும் அப்படிச் சாட்சிகள் வேண்டும். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. நாடு முழுவதற்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய கணக்குத்தான். ஆனாலும் பாதியைத் தொடவில்லையே! வீட்டுக்குள் மெல்லச் சொல்லி, வீட்டுக்குள்ளேயே அமுங்கிப்போன ஆசைகள் அந்த மீதியில் எத்தனையோ!

உங்கள் தெருவிலும் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒன்று இருக்கும். "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். அப்பா காதில் விழும்படி கேளுங்கள்.