வண்டிக்கு ஒரு மரக்கூண்டு

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் திறந்த பின்பகுதிக்கு ஒட்டுப்பலகையால் தாமே கூண்டு செய்து, பயணங்களின்போது அதனுள் உறங்குவோர் உண்டு. கூண்டு செய்தால் மட்டும் போதாது; அதை வண்டியோடு உறுதியாகப் பிணைக்கவும் வேண்டும். இவ்வளவு கனமான பொருள் எங்கே போய்விடும் என்று சிலர் அலட்சியமாக இருந்துவிடுகின்றனர். நெடுஞ்சாலையில் வண்டி விரையும்போது கூண்டின்மேல் காற்றழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று அதை மேலே தள்ளுகிறது. பிடி தளர்ந்து கூண்டு பறந்தால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கதி என்ன?

வண்டியின் தகட்டில் துளையிட்டுத் திருகாணி முடுக்கினால், துளையோரம் துருப்பிடிக்கும். ஆகவே, கூண்டின் அடிச்சட்டத்தையும் வண்டியின் பக்க விளிம்பையும் இரும்புக் கவ்விகளால் சேர்த்து இறுக்குகின்றனர். இடையே இரப்பர்ப் பட்டை வைத்தால் மழைநீர் புகாது. சாலை அதிர்வில் கவ்விகள் தளரக்கூடும். எரிபொருள் நிரப்ப நிற்கும்போதெல்லாம் அவற்றை அசைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.