35 இட்லிக் கணக்கு: மதுரையிலிருந்து நெல்லைக்கு ஒரு ருசிப் பயணம்

மதுரை, காலை ஏழரை மணி. மாசி வீதிப் பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடை. முந்தின நாள் மீனாட்சியம்மன் தரிசனம் முடித்த கோவைக் குடும்பம் ஒன்று, திருநெல்வேலியில் நடக்கும் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பும் முன் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பாவைப் பெற்ற ஆச்சி என நான்கு பேர்.

"நான் மூணே மூணு இட்லிதான் சாப்பிட்டேன். காபி கூட சர்க்கரை இல்லாமதான்" என்றார் அப்பா. அவருடைய குரலில் ஒரு பெருமை. காரணம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறார் என்று அர்த்தம். அன்றிலிருந்து இனிப்பைத் தொடுவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருக்கிறார்.

மகள் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தாள். ஒரு சாதாரண இட்லி சுமார் 60 கலோரி. வேகவைத்த பண்டம், அதில் பெரும்பகுதி தண்ணீர். மூன்று இட்லிக்கு 180. அதுவரை சரி. ஆனால், பொடியில் குழி பறித்து அப்பா ஊற்றிக்கொண்ட நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் மட்டும் 9.

"அப்பா, நீங்க மூணு இட்லி சாப்பிடலை. எண்ணெய் நாலு இட்லி, வடை ரெண்டு இட்லி, காபியில இருக்கிற பால் ஒரு இட்லி. மொத்தம் பத்து!"

ஆச்சி சிரித்துவிட்டார். "ஏட்டி, நல்லா கணக்குப் போடுதியே. ஊருக்குப் போய்ச் சேருறவரைக்கும் எழுதிட்டே வா."

அப்படித்தான் அந்தப் பயணத்துக்கு ஒரு புது அளவுகோல் கிடைத்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி தேவை. பெண்ணுக்கு 1,660. மகளின் கணக்கில் அப்பாவுக்கு 35 இட்லி, அம்மாவுக்கு 28 இட்லி.

விளக்குத்தூணில் ஒரு டம்ளர்

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், நடக்கும் தூரத்தில் விளக்குத்தூண். மதுரைக்கு வருகிறவர்கள் ஜிகர்தண்டா குடிக்காமல் இந்தப் பக்கத்தைக் கடப்பது அரிது. ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதன் மேல் பால் ஐஸ்கிரீம். வெயிலுக்கு இதமாக இறங்கும்.

பிசினில் கவலைப்பட ஒன்றுமில்லை. அது தண்ணீரைக் குடித்து உப்பிய நார்ச்சத்து. சுண்டிய பாலும் சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேரும்போதுதான் ஒரு டம்ளர் 300 கலோரியைத் தாண்டுகிறது. அதாவது ஐந்து இட்லி. ஆனால், தாகத்துக்குக் குடித்ததாக நினைக்கும் மனம் இதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. ஒரு மணி நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல இலை போடச் சொல்கிறது.

அம்மாவும் மகளும் ஆளுக்கொன்று குடித்தார்கள். அப்பா தண்ணீர் பாட்டிலோடு ஒதுங்கி நின்றார். அவருடைய கணக்கு பத்திலேயே நின்றது.

விருதுநகரில் மொறுமொறு மதியம்

நான்குவழிச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் விருதுநகர். காமராஜர் பிறந்த ஊர். எண்ணெய், வத்தல், பருப்பு வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். எண்ணெய் வியாபாரம் கொழித்த ஊரில் எண்ணெய் பரோட்டா பிறந்ததில் ஆச்சரியமில்லை.

மற்ற ஊர்களில் பரோட்டா கல்லில் வேகும். இங்கே எண்ணெய் ததும்பும் தட்டைச் சட்டியில் மிதந்து, பொன்னிறமாகி, அப்பளம் போல நொறுங்கும். அதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினால், பாதி மொறுமொறுப்பு, பாதி ஊறல். அந்தப் பதத்துக்காகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

பரோட்டா எண்ணெயைச் சந்திப்பது ஒரு முறை அல்ல. பிசையும்போது ஒரு தடவை, உருண்டைகளை ஊறவைக்கும்போது ஒரு தடவை, வீசி விசிறும்போது ஒரு தடவை, கடைசியாகச் சட்டியில். சுமார் 60 கிராம் மைதாவுக்கு 210 கலோரி, உள்ளே தங்கும் எண்ணெய்க்கு 90 என்று குறைவாகக் கணக்கிட்டாலே ஒரு பரோட்டா 300. சால்னா தனி.

அப்பா சாப்பிட்டது மூன்று. "இதுல இனிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"மூணு பரோட்டா பதினஞ்சு இட்லிப்பா."

"சாயந்தரம் ஒரு மணி நேரம் நடந்துட்டாப் போச்சு."

மகள் அதையும் தேடிப் பார்த்தாள். சுமார் 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 200 முதல் 250 கலோரி. நான்கு இட்லி. மூன்று பரோட்டாவை நடந்தே கரைக்க நான்கு மணி நேரம் வேண்டும்! வண்டிக்குள் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

சாத்தூர் பொட்டலம்

விருதுநகரிலிருந்து மேற்கே திரும்பினால் சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊர். இவர்கள் நேராக சாத்தூருக்குப் போனார்கள்.

சாத்தூர் என்றால் காராச்சேவு. கடலை மாவு, பூண்டு, வத்தல் மணத்தோடு கடைவாசலிலேயே மூக்கைப் பிடித்து இழுக்கும். அம்மா 200 கிராம் பாக்கெட் ஒன்றை வாங்கி இரண்டு இருக்கைக்கும் நடுவில் வைத்தார். ஓட்டுகிறவரின் இடது கை தன்னால் அதற்குள் போய் வந்தது.

பொரிக்கும்போது நடப்பது எளிமையான மாற்றம். மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது, அந்த இடத்தில் எண்ணெய் புகுகிறது. தண்ணீருக்குக் கலோரி இல்லை, எண்ணெய்க்குக் கிராமுக்கு 9. அதனால்தான் கையளவு சேவு, தட்டு நிறைய இட்லிக்குச் சமமாகிறது.

மகள் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். "159 கலோரிதான் போட்டிருக்கு" என்றவள், அடுத்த நொடியே புருவத்தை நெரித்தாள். அது 30 கிராமுக்கு. பக்கத்துக் கட்டத்தில் 100 கிராமுக்கு 530 என்று இருந்தது. பாக்கெட்டில் பாதி காலி. காலி செய்தது பெரும்பாலும் அப்பா.

"காலையில பத்து, மத்தியானம் பதினஞ்சு, இப்ப ஒம்போது. முப்பத்தி நாலு இட்லி ஆச்சுப்பா. மணி மூணரைதான் ஆகுது."

ஒரு இனிப்பும் தொடாமல், ஒரு முழு நாள் உணவை அவர் மாலைக்குள் முடித்திருந்தார். சர்க்கரைக்குப் பயந்து காரத்துக்கு மாறும் எத்தனையோ பேர் சறுக்கும் இடம் இது. மைதாவும் கடலை மாவும் நாக்கில் இனிக்காவிட்டாலும், அவற்றின் மாவுச்சத்து வயிற்றில் சர்க்கரையாகத்தான் உடைகிறது. கூடவே வரும் எண்ணெய் இடுப்பில் சேர்கிறது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் சொல்கிறது. இவரும் அந்த வாசற்படிக் கூட்டத்தில் ஒருவர். ஆனால், வாசலில் நிற்பவர் திரும்பி நடக்கவும் முடியும். 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் சீராக்கிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைந்தது.

கோவில்பட்டியில் ஆச்சியின் கணக்கு

சாத்தூர் தாண்டியதும் மண் கறுக்கிறது. கரிசல் காடு. பருத்தி, கம்பு, உளுந்து விளையும் வானம் பார்த்த பூமி. ஆச்சி பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்து உடைத்த நிலக்கடலை, பதமாகக் காய்ச்சிய வெல்லப்பாகு, மேலே தூவிய வண்ணத் தேங்காய்ப்பூ. சத்துள்ள தின்பண்டம்தான். கடலையில் புரதம் உண்டு, நல்ல கொழுப்பும் உண்டு. ஆனாலும் 100 கிராம் ஏறத்தாழ 500 கலோரி. 200 கிராம் பாக்கெட் ஒன்றைப் பேச்சுவாக்கில் முடித்தால் 16 இட்லிக்கு மேல். அம்மாவின் ஒரு நாள் அளவில் பாதிக்கும் அதிகம். 'சத்தானது' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த எண் ஒளிந்துகொள்கிறது.

"அப்ப உங்க காலத்துல எல்லாரும் இதைத் தின்னுட்டு குண்டாவா இருந்தீங்க ஆச்சி?" என்று மகள் கேட்டாள்.

"குண்டா? காத்தடிச்சா பறந்துருவோம்" என்றார் ஆச்சி. "விடியுமுன்ன களையெடுக்கப் போனா பொழுது சாயத்தான் வீடு. மடியில ரெண்டு துண்டு கடலைமிட்டாய் இருக்கும். அதைத் தின்னு தண்ணி குடிச்சா மத்தியானக் கஞ்சி வரைக்கும் தாங்கும். நடந்து போய் நடந்து வரணும், பாத்துக்க."

கடும் உடலுழைப்புச் செய்யும் பெண்ணுக்குத் தேவை 2,720 கலோரி என்கிறது அதே பரிந்துரை. 45 இட்லி. அம்மாவின் 28-க்கும் ஆச்சியின் 45-க்கும் நடுவில் இருப்பது, அந்தக் கரிசல் காட்டின் ஒரு நாள் வேலை.

இந்தச் சாலையில் கிடைக்கும் பண்டங்கள் அந்தக் காலத்துக்கு ஏற்றவை. கெட்டுப்போகாமல் நாள்கணக்கில் தாங்கும், கொஞ்சம் தின்றால் நெடுநேரம் பசிக்காது. நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்கு அது வசதி. இன்று காரில் உட்கார்ந்தபடி மூன்று மணி நேரத்தில் மதுரையிலிருந்து நெல்லை போய்விடலாம். பண்டம் பெரிதாக மாறவில்லை, பாதைதான் சுருங்கிவிட்டது.

ஆச்சி ஒரு சிறு துண்டை உடைத்து மகனிடம் நீட்டினார். "ஒண்ணு தின்னு. ஒண்ணுக்கு ஒண்ணும் ஆகாது." பத்து கிராம், ஐம்பது கலோரி. 35-வது இட்லி.

நெல்லையில் ஒரு இலை

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் மாலை வியாபாரம் தொடங்கிவிட்டது. மங்கலான விளக்கு, நீண்ட வரிசை, சூடான அல்வா. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, நெய் பிரிந்து வரும்வரை கிண்டும் பண்டம். 100 கிராம் 400 கலோரிக்கு மேல். ஏழு இட்லி.

"நான் வண்டியில இருக்கேன்" என்று அப்பா ஒதுங்கப் பார்த்தார். சொந்த ஊர் அல்வாவைத் தொடாமல் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகமே சொன்னது.

ஆச்சி விடவில்லை. "உங்கப்பா கால் கிலோ வாங்கிட்டு வந்தா வீட்டுல பதினோரு பேரு. ஆளுக்கு ஒரு வாய். அந்த ருசிதாம்ல இன்னும் நாக்குல இருக்கு. தனியாப் பொட்டலம் வாங்கித் தின்ன ஆளை நான் பாத்ததில்ல."

மகள் கணக்குப் போட்டாள். 250 கிராமைப் பதினொன்றால் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 23 கிராம். நூறு கலோரிக்குக்கூட வராது. இரண்டு இட்லிக்கும் குறைவு.

நூறு கிராம் மட்டும் வாங்கினார்கள். நான்கு பேரும் இலையைச் சுற்றி நின்று, விரலில் நெய் வழிய ஆளுக்கொரு வாய் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்குப் பின் அப்பா வாயில் வைத்த முதல் இனிப்பு. அவர் அதை அவசரப்படாமல், கரையும்வரை வைத்திருந்து விழுங்கினார்.

பிறகு நால்வரும் ரத வீதிகளில் அரை மணி நேரம் நடந்தார்கள். அல்வாவின் இரண்டு இட்லி அதில் கழிந்தது. இரவுச் சாப்பாடு அப்பாவுக்கு ஒரு டம்ளர் மோரோடு முடிந்தது.

கிரகப்பிரவேச வீட்டில் அம்மா மீதிச் சேவையும் கடலைமிட்டாயையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி நடுக்கூடத்தில் வைத்தார். சொந்தக்காரப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு எத்தனை இட்லி என்று பார்க்க மகள் தலைகளை எண்ணத் தொடங்கினாள். பதினான்கு வரை எண்ணுவதற்குள் தாம்பாளம் காலி.