ஒரு 'எ' செய்த வேலை!

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்தவன் நான். ஆங்கிலத் தாளில் 'எ', 'ஆன்', 'தி' போட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி வந்தால் எனக்கு ஒரே வழிதான். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'தி'! பத்துக்கு நாலு தேறிவிடும். 'ஒற்றை எழுத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று கேலி பேசியதும் உண்டு. அந்த ஒற்றை எழுத்து என்னைப் பழிவாங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

விடுமுறையில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கம்ப்ரஸர் அறையில் வேலை. ஷிப்ட் முடியும்போது ஆயில் அளவைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். அன்று ஆயில் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. 'கொஞ்சம் இருக்கிறது, ஓடும்' என்ற பொருளில் 'தேர் ஈஸ் லிட்டில் ஆயில்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் கம்ப்ரஸர் நிற்கிறது! காற்றில் ஓடும் மெஷின்களும் நிற்கின்றன. அடுத்த ஷிப்ட் இன்ஜினியர் லாக் புத்தகத்தோடு நின்றார். "யாருப்பா இதை எழுதினது? ஆயிலே இல்லாத மாதிரி எழுதியிருக்க. பதறிப்போய் நிறுத்திட்டுப் பார்த்தா, கோட்டுக்கு மேல நிக்குது!" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சான்றிதழ் போச்சு என்றே நினைத்தேன்.

"சார், கொஞ்சம் இருக்குன்னுதானே எழுதினேன்..." என்று இழுத்தேன். அவர் பேனாவை எடுத்து 'லிட்டில்' முன்னால் ஒரு 'எ' போட்டார். "இப்பத்தான் கொஞ்சம் இருக்கு. நீ எழுதினதுக்கு அநேகமா இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விழிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அண்ணன் கேட்டார்: "வீட்ல அரிசி கொஞ்சம் இருக்குன்னா என்ன தம்பி செய்வே?"

"உலை வைப்போம் அண்ணே."

"கொஞ்சந்தான் இருக்குன்னா?"

"கடைக்குப் போகணும்."

"அம்புட்டுதான் விஷயம்!"

நாம் 'தான்' போட்டுச் சொல்வதை ஆங்கிலேயன் 'எ'வை எடுத்துவிட்டுச் சொல்கிறான்! அன்று இரவு இலக்கணப் புத்தகத்தைப் பயமில்லாமல் திறந்தேன்.

நமக்கு ஆர்ட்டிகிள் கிடையாதுதான். ரஷ்ய மொழியிலும் இல்லை. ஆனால் அது செய்யும் வேலை தமிழிலும் நடக்கிறது. "ஸ்பேனர் கொண்டா" என்றால் ஏதாவது ஒன்று, அது 'எ'. "ஸ்பேனரைக் கொண்டா" என்றால் இருவருக்கும் தெரிந்த அந்த ஸ்பேனர், அது 'தி'. ஓர் 'ஐ' உருபில் நாம் முடித்துவிடுகிறோம்!

'எ'யா, 'ஆனா' என்ற சந்தேகத்துக்கும் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. ஒரு மரம், ஓர் ஊர் என்கிறோமே, அதே விதிதான். சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, எனவே 'எ'. 'ஹவர்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'அவர்' என்கிறார்கள், எனவே 'ஆன்'. 'எம்.எல்.ஏ.'வுக்கும் 'ஆன்'தான். 'ஒன்' என்பதில் மட்டும் ஏமாறாதீர்கள். அவர்கள் வாயில் அது 'வன்', எனவே 'எ'.

இன்னொரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்றாலே 'ஒன்று' என்று பொருள். ஒர்க்‌ஷாப்பில் நாம் மாட்டிக்கொள்கிற ஏப்ரனுக்கு முன்பு 'நேப்ரன்' என்று பெயராம். 'எ நேப்ரன்' என்றதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டு, அதுவே நிலைத்துவிட்டது. ஆங்கிலேயனே தடுமாறிய இடம் இது. நாம் தடுமாறினால் தலைகுனிய வேண்டியதில்லை நண்பர்களே! ஆனால் தடுமாறிய இடத்திலேயே நின்றுவிடக் கூடாது.

பயிற்சியின் கடைசி நாளும் ஆயில் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலேதான் நின்றது. 'தேர் ஈஸ் எ லிட்டில் ஆயில்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். இன்ஜினியர் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்ரஸரும் நிற்கவில்லை.

சான்றிதழ் வந்துவிட்டது. இப்போதெல்லாம் தேர்வில் கண்ணை மூடுவதில்லை!