இரண்டாவது ஊக்கு

1998இல் நான் ப்ளஸ் ஒன் படித்தேன். சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆண்கள் சிலரின் சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்த வருடம் அது. அரசு ஈவ்டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அம்மா எனக்கு ஊக்கு கொடுத்தாள்.

அவள் தாலிக்கயிற்றில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். இரண்டைக் கழற்றித் தந்தாள். "ஒண்ணு தாவணிக்கு. இன்னொண்ணு கைக்கு."

இரண்டாவது எதற்கென்று முதல் வாரமே புரிந்தது. ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், பின்னாலிருந்தவனைக் குத்தத் தோள் ஊக்கைக் கழற்றினேன். தாவணி சரிந்தது. அவனை விட்டுவிட்டு தாவணியைப் பிடித்தேன்.

இரண்டாவது ஊக்கை எங்கே வைப்பது? இடுப்பில் செருகினால் நெரிசலில் கை கீழே இறங்காது. பைக்குள் வைத்தால் தேடுவதற்குள் சத்திரம் வந்துவிடும். கடைசியில் இடது ரவிக்கைக் கையின் உள்மடிப்பில் வைத்தேன். இடது கை கம்பியைப் பிடித்திருக்கும்போது, சொறிவதுபோல வலது கையால் எடுத்துவிடலாம். வெளியே தெரியாது. தோழிகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அப்பாவுக்குத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. நாட்டுக்கே ரைஃபிள் செய்கிற இடம். மகளுக்கு எதற்கு இத்தனை ஊக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருட வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். கூடத்தில் வரிசையாகப் பாய். படுக்கும்முன் ஊக்குகளைக் கழற்றிக் கண்ணாடி மாடத்தில் வைத்தேன். வீட்டுக்குள் யார் ஊக்கோடு படுப்பார்கள்? இருட்டில் வந்த கை, மாலையில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்த கை.

நான் கத்தவில்லை. காலையில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அன்றிரவு மாடத்திலிருந்து ஊக்கை எடுத்துவந்து, "இன்னிக்கு இதைக் குத்திக்கிட்டே படு" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையைவிட அதுதான் என்னை வருடக்கணக்கில் உறுத்தியது.

2014 ஜனவரியில், டெல்லி கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வர் கான்பூரில் வெளியானது. அரைக் கிலோ எடை, ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலை. ஓய்வுபெற்றிருந்த அப்பா செய்தித்தாளைப் பெருமையாக வாசித்தார். லைசென்ஸ் வாங்க வேண்டும், உறை வேண்டும் என்று விளக்கினார். ஆண்களுக்கு பெல்ட் இருக்கிறது. புடவையில் அதை எங்கே மாட்டுவது? கொசுவத்தில் செருகினால் கொசுவமே அவிழ்ந்துவிடும். சுடிதாருக்குப் பாக்கெட்கூடக் கிடையாது. நானும் அம்மாவும் சிரித்தோம்.

பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "படுக்கும்போது அதைக் கழட்டணுமா, வேணாமா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுப்படியில் அவளிடம் கேட்டேன். "அன்னிக்கு ஏன்மா ஒண்ணும் கேக்கல?"

"எங்கம்மாவும் எனக்கு ஊக்குதான்டி குடுத்தா. வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடந்தோறும் சொல்கின்றன. நமக்குக் கொடுக்கப்படும் ஆயுதமெல்லாம் தெருவில் வரும் அந்நியனுக்கானது.

என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பையின் வெளிஜிப்பில் பெப்பர் ஸ்ப்ரே வைத்திருக்கிறாள். கை சட்டென்று எட்டும் இடம்தான். அதை வாங்கிக் கொடுப்பதற்கு முன்பே, அவள் வயதுக்கு வந்த வருடம், அந்த உறவுக்காரரின் பெயரை அவளிடம் சொன்னேன். என்ன நடந்தது என்பதையும் சொன்னேன்.

அந்த வருட ஏகாதசிக்கு அவரைக் கூப்பிடவில்லை. "ஏன்?" என்று அப்பா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.