பெரிய டயருக்குப் பின்னால இருக்கிற கணக்கு

போன தடவை பூண்டு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல வரும். பத்து நாளா எங்க வீட்டுல பேச்சு முழுக்க ஜீப் பத்தித்தான், அதனால அதையே முதல்ல எழுதிடறேன்.

சுத்திப் பார்க்க வர்றவங்க பெரிய டயர் போட்ட ஜீப்பைப் பார்த்தா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. நமக்கு ஜீப் அப்படி இல்லைங்க. மஞ்சூர் தார் ரோட்டுல இருந்து எங்க தோட்டத்துக்கு இறங்கறது மண் ரோடு. பறிச்ச பச்சை இலை அன்னைக்கே ஃபேக்டரிக்குப் போகணும். சாக்குல அமுங்கிக் கிடந்தா சூடேறி சிவந்துடும், விலை போகாது. மழைக்காலத்துல ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலின்னா ஆம்புலன்ஸ் கீழ இறங்காது, ஜீப்புலதான் மேல ஏத்தணும். கோவைக்கே கொண்டு போகணும்னா கெத்தை, காரமடை வழி. 43 கொண்டை ஊசி வளைவு. எங்க ரோட்டுல அந்த வேலைக்கு இருக்கிறது என் தங்கச்சி மகனோட ஜீப்புதான்.

அவன் கோவையில இருந்து 31 அங்குல டயர் நாலு வாங்கிட்டு வந்துட்டான். செகண்ட் ஹேண்ட், ஆனா பட்டன் நல்லா இருக்கு. "மாமா, நாளைக்கே மாட்டிடலாமா?"ன்னு கேட்டான். பணம் கொஞ்சம் நானும் போடணும், அதனால என்கிட்ட கேள்வி. முதல்ல கணக்குப் போடலாம் வாடான்னு சொல்லி உட்கார வச்சேன்.

வண்டியில இப்ப இருக்கிறது 215/75 R15. அகலம் 215 மில்லிமீட்டர், அதுல 75 சதம் பக்கச் சுவரோட உயரம், 161. மேலயும் கீழயுமா 322. ரிம் 15 அங்குலம், அது 381. கூட்டினா 703 மி.மீ. சொச்சம், அதாவது 27.7 அங்குலம். புது டயர் 31. பன்னிரண்டு சதம் பெருசு. வண்டி உயர்றது டயர் உயரத்துல பாதிதான், ஒண்ணேமுக்கால் அங்குலத்துக்கும் கம்மி. அவனுக்கு அது வேணும்தான். ரெண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவுல இருக்கிற மேட்டுல டிஃபரன்ஷியல் ஹவுசிங் உரசுது, அது நிஜம்.

ஆனா அந்தப் பன்னிரண்டு சதத்தை யாரு தாங்கறது? ஹவுசிங்குள்ள கிரவுன், பினியன்னு ரெண்டு பல்சக்கரம் இருக்கு. அவன் வண்டியில கிரவுனுக்கு 47 பல், பினியனுக்கு 11. வகுத்தா 4.27. ப்ரொபல்லர் ஷாஃப்ட் 4.27 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. (உங்க வண்டியில தெரியணும்னா முன்சக்கரத்துக்குக் கல் வச்சு, நியூட்ரல்ல விட்டு, பின்பக்கம் ஜாக்கி போட்டு நல்லா ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஷாஃப்ட்டுல சாக்பீஸ் கோடு போட்டு, ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுத்து விட்டு எண்ணுங்க.) டயர் பன்னிரண்டு சதம் வளர்ந்தா அந்த 4.27, வேலைக்கு 3.81 மாதிரி ஆயிடும். இழுவை குறைஞ்சுடும். இந்த உயரத்துல காத்தும் மெலிசு. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு சுமார் மூணு சதம் சக்தியை விட்டுடும்னு சொல்வாங்க.

ஏத்தம் கூடப் பரவாயில்லை, லோ கியர் போட்டு ஏறிடலாம். எனக்கு பயம் இறக்கத்துலதான். கெத்தை இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போனா லைனிங் கருகும், நாலு வளைவு தாண்டறதுக்குள்ள பெடல் கல்லு மாதிரி ஆயிடும், வண்டி நிக்காது. ரெண்டாவது கியர்ல எஞ்சின் பிடிச்சு நிறுத்தணும். டயர் பெருசானா அந்தப் பிடியும் தளர்ந்துடும். நோயாளியைப் பின்னால படுக்க வச்சு ராத்திரியில இறங்கறவனுக்கு இதுதான் முதல் கணக்கு.

இழந்த பிடியைத் திருப்ப கிரவுன் பினியனை மாத்தணும். 4.27-ஐ 1.12-ஆல பெருக்கினா 4.78. கடையில கிடைக்கிற பக்கத்து ரேஷியோ 4.88, அதாவது 39-க்கு 8. அதுக்கு மேல 5.38, 43-க்கு 8. ரெண்டும் ஜீப்புக்குப் புதுசு இல்லை. உலகப்போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்புக்கு 4.88. மகிந்திரா 1947-ல வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து பூட்ட ஆரம்பிச்சு, அப்புறம் இங்கேயே செஞ்ச சிஜே3பி-க்கு 5.38.

தங்கச்சி மகனுக்கு 5.38 மேல ஆசை. இழுவை கூடுதல் இல்லையா. நான் காகிதத்துல எழுதிக் காட்டினேன். டாப் கியர்ல எஞ்சின் 2500 சுத்துல இப்ப வண்டி போற வேகம் 77 கிலோமீட்டர். 31 டயருக்கு 4.88 போட்டா 76, கிட்டத்தட்ட பழைய வண்டியே. 5.38 போட்டா 69. ஊட்டி மார்க்கெட்டுக்கு கேரட் ஏத்திட்டுப் போறப்ப எஞ்சின் கத்திக்கிட்டே இருக்கும். இன்னொண்ணும் இருக்கு. ரேஷியோ கூடக்கூட பினியன் தலை சின்னதாகும். சின்னப் பினியன் லோடுல பல் உதிர்க்கும். தினம் மண் ரோட்டுல உருளப்போறவனுக்கு 5.38 சரி. தார் ரோடும் மண் ரோடும் சரிபாதியா இருக்கிற நமக்கு 4.88 போதும்.

அப்பதான் அவன் சொன்னான், "பின்னாடி மட்டும் மாத்திடலாம் மாமா, முன்னாடி அப்புறம் பார்த்துக்கலாம்." செலவு பாதியாகும்னு நினைப்பு. அது மட்டும் ஆகவே ஆகாது. ஃபோர் வீல் போட்டா முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்துல சுத்தணும். ரேஷியோ வேற வேறன்னா ஒண்ணை ஒண்ணு இழுத்து முறுக்கி, கடைசியில டிரான்ஸ்ஃபர் கேஸோ ஷாஃப்ட்டோ உடையும். ஃபோர் வீல் தேவைப்படற இடமே சேறும் சரிவும்தான். அங்க உடைஞ்சா என்ன ஆகும்னு அவனுக்கே தெரியும். ரெண்டு செட் வாங்கணும், இல்லைன்னா எதுவும் வாங்கக் கூடாது.

அடுத்தது பலப்படுத்தற விஷயம். கியர் மாத்தினா இழுவை திரும்புது, ஆனா அந்த இழுவையைப் பெரிய சக்கரத்துக்குக் கொண்டுபோற ஆக்சில் ஷாஃப்ட் பன்னிரண்டு சதம் கூடுதல் முறுக்கைத் தாங்கணும். லாரியில வண்டி எடை ஹப் பேரிங்ல உட்காரும், ஷாஃப்ட் சுத்தற வேலை மட்டும் பார்க்கும். நம்ம மாதிரி ஜீப்புல பின்பக்கம் எடையும் ஷாஃப்ட் மேலேயே. அது முறிஞ்சா சக்கரமே கழண்டு போகலாம். அதனால பின் ஷாஃப்ட் ரெண்டும், பேரிங், சீல் எல்லாம் புதுசு. பழசுல மயிரிழை விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது.

ஹவுசிங் மேல நீளமா இரும்புப் பட்டை வச்சு வெல்டிங் அடிக்கச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். எங்க மெக்கானிக் வேண்டாம்னுட்டார். "அண்ணே, ஒரே மூச்சுல வெல்டிங் ஓட்டினா சூட்டுல குழாய் வளைஞ்சிடும். அப்புறம் ஷாஃப்ட் நேரா உட்காராது, பேரிங் தின்னுடும். குதிச்சு ஓட்டற பந்தய வண்டிக்குத்தான் அது வேணும்." முன்பக்கம் குழாயும் முட்டியும் சேர்ற இடத்துல மட்டும் சின்ன முக்கோணத் தகடு, அதுவும் விட்டு விட்டு, ஆற வச்சு அடிச்சுத் தர்றேன்னார். எல்லாத்தையும் இரும்பாக்கிட்டா அடுத்த பலவீனமான இடம் உடையும். உடையறது சென்டர் ஜாயின்ட் மாதிரி மலிவான சாமானா இருந்தா நல்லதுன்னும் சொன்னார். நல்ல பேச்சு.

கிரவுன் பினியன் பூட்டறது அவசர வேலை இல்லை. ஷிம் வச்சு, பல்லுல மை தடவி, எந்த இடத்துல பதியுதுன்னு பார்த்து, ரெண்டு பல்லுக்கும் நடுவுல சுமார் 0.2 மில்லிமீட்டர் விளையாட்டு விட்டுப் பூட்டணும். தப்பாப் பூட்டினா ஊளை விடும், சில ஆயிரம் கிலோமீட்டர்ல போயிடும். முதல் நாட்கள் லோடு ஏத்தாம ஓட்டி, ஆயிலும் ஒரு தடவை மாத்தணும். பிரேக்குக்கு லைனிங், வீல் சிலிண்டர் புதுசு. பெரிய டயர் பிரேக்கையும் எதிர்த்துத் தள்ளும், அதை கியர் சரி பண்ணாது.

கடைசியா ஒண்ணு. கம்பெனி சொன்ன அளவை விட்டு வண்டியை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கண்டிப்பாச் சொல்லிடுச்சு. விபத்துன்னு ஒண்ணு நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான். அதனால எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கின பிறகுதான் டயர் ஏறும்னு சொல்லிட்டேன். கிடைக்கலைன்னா டயரை வித்துடலாம். பழைய டயரோட 4.88 மட்டும் போட்டாலே இழுவையும் இறக்கத்துப் பிடியும் பதினாலு சதம் கூடும், அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

மொத்தச் செலவு எங்க தோட்டத்து மூணு மாச இலைக்காசு. பாதி நான் தர்றேன். அந்த வண்டியில நாளைக்கு ஏறப்போறது நானாகவும் இருக்கலாம் இல்லையா.

ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சாறு பேர் மண்வெட்டி எடுத்துட்டுப் போய் ரோட்டு நடு மேட்டை வெட்டி ரெண்டு தடத்துலயும் நிரப்பினோம். அரை நாள் வேலை. நாலு அங்குலம் இறங்கிடுச்சு. ஹவுசிங் இப்ப உரசலை, அடுத்த மழை வரைக்கும்.