ஒரு கீலுக்காக காரைக்குடி வரை!

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவை எத்தனை கீல் தாங்கிக்கொண்டிருக்கிறது? தெரியாதா? பரவாயில்லை. எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. இரண்டு. அதில் ஒன்று உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு குரோம்பேட்டையில். அலமாரிக்கு என்னைவிட வயசு அதிகம். 1974-ல் அம்மா தனிக்குடித்தனம் வந்தபோது, அப்பா மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாராம். தேக்குச் சட்டத்தில் கம்பி வலை அடித்த இரண்டு கதவு. எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் நாலு தண்ணீர்க் கிண்ணம். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன் பூனைக்கும் எங்கள் வீட்டுப் பாலுக்கும் நடுவே நின்ற ஒரே பாதுகாப்புப் படை அதுதான்.

வலது பக்கக் கதவுக்கு ஒரு குணம் உண்டு. திறந்தால் "கிறீ...ச்" என்று கத்தும். ஹாலில் உட்கார்ந்தபடியே அம்மா, "டேய், பூஸ்ட் டப்பாவைக் கீழே வை!" என்பாள். முதலில் மாட்டிக்கொண்டவன் நான். இப்போது என் பையன்.

ஒரு நாள் அந்தக் கதவின் மேல் கீல் 'டக்'கென்று விட்டுப்போனது. நான் என்ன செய்தேன்? ஆபீஸில் ஃபைலுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். சணல் கயிற்றால் கட்டி, "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு விடியற்காலையில், கீழ்க் கீலின் திருகாணிகளும் பிடுங்கிக்கொண்டு கதவு அம்மாவின் கால் மேல் விழுந்தது. பெருவிரல் வெங்காய வடகம் சைஸுக்கு வீங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே மனைவி மாடுலர் கிச்சன் பிரோஷர் ஒன்றை என் முன்னால் வைத்தாள். "ஏங்க, அத்தைக்காகத்தான் சொல்றேன். இழுத்தா வர்ற டிராயர், தானா மூடுற கதவு. கால்ல விழாது."

நியாயம்தானே? அம்மாவும், "வாங்கிக்கோங்கப்பா. எனக்கென்ன?" என்றாள்.

ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் லைட் இல்லை. இருட்டில் அம்மா அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேல் தட்டின் இடது ஓரம் காபிப் பொடி, பக்கத்தில் சர்க்கரை, அதற்கடுத்து ஒரு சாண் தள்ளி உப்பு... ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் கிளாக்கோமா. போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் காலையில் யார் உதவியும் இல்லாமல் காபி போடுகிறாள் என்றால், கண்ணால் இல்லை, ஐம்பது வருஷப் பழக்கத்தால். இழுத்தால் வருகிற டிராயர் வந்தால் வீடு புதுசாகும். ஆனால் அம்மா அந்தச் சமையலறைக்கு விருந்தாளி ஆகிவிடுவாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். அலமாரி இருக்கும். கீல்தான் மாறும்.

*

கேட்டால் சின்ன வேலை. அலமாரி வாங்கின இடத்திலேயே கீலும் வாங்கலாம் என்றால், மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தேபோனது. அந்த இடத்தில் இப்போது ரயில்வே கட்டடம். அங்கே டிக்கெட் கிடைக்கும், கீல் கிடைக்காது.

சரி, பாரிமுனை இருக்கவே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷனில் போய் இறங்கினேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தப்பு! ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரிகள் ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இழுத்துவிடுவார்கள். தெரு காலியாக இருந்தது. ஒரு மாடு மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அந்தப் பேட்டையின் விசேஷம் உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதம். கோடவுன் தெரு என்றால் துணி. தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி. இரும்புச் சாமான் கடைகளாகப் பார்த்து நுழைந்து, பேன்ட் பாக்கெட்டிலிருந்து உடைந்த கீலை எடுத்து நீட்டினேன். நீளம் இரண்டரை அங்குலம். வார்ப்புப் பித்தளை.

முதல் கடை: "இந்தக் கனம் வராது சார். இப்ப எல்லாம் தகடு மடிச்சதுதான்."

இரண்டாவது கடை: "பித்தளையா? இந்தாங்க." தங்கமாக ஜொலித்தது. வீட்டுக்கு வந்து கத்தி முனையால் கீறினால் உள்ளே இரும்பு! மேலே முலாம்.

மூன்றாவது கடைக்காரர்தான் கீலைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இது புதுசு விக்கிற கடையில கிடைக்காது சார். வீடு பிரிக்கிற ஊர்ல கிடைக்கும். காரைக்குடி பக்கம் போனா பாருங்க."

வீட்டில் சொன்னேன். "ஒரு கீலுக்கு நானூறு கிலோமீட்டரா?" என்று மனைவி கேட்டாள். கேட்ட விதம் எழுத்தில் வராது.

கடவுள் இருக்கிறார். அடுத்த மாதமே ஆபீஸ் நண்பன் கல்யாணப் பத்திரிகை நீட்டினான். இடம்: காரைக்குடி!

*

மத்தியானத்துக்கு மேல் எழும்பூரில் பல்லவன் ஏறினால், திருச்சி, புதுக்கோட்டை தாண்டி ராத்திரி காரைக்குடி. இந்த ஊருக்கும் என் கீலுக்கும் பூர்வ ஜென்ம பந்தம் இருக்க வேண்டும். ஏனென்றால் இங்கே இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் துருப்பிடிப்பதைப் பற்றியே விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. நான் ஒரு துருவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அந்த ஊரில் இறங்கினேன்.

கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் கீல் நின்றுபோகும். ஆகவே நேராக முனீஸ்வரன் கோயில் தெரு.

தெருவா அது? ஊர் வீடுகளின் வயிற்றைக் கிழித்து வெளியே கொட்டின மாதிரி இருக்கிறது. ஆளுயரத் தூண்கள், நிலைகள், மங்குச் சாமான்கள், பித்தளைப் பூட்டுகள், மரப்பாச்சிகள், யாரோ ஒருவருடைய தாத்தாவின் ஃபிரேம் போட்ட போட்டோ. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் கட்டிய சீமை இது. நகரத்தார் பர்மாவில் சம்பாதித்தது வீடாக நின்றது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது வருமானத்தின் வேர் அறுந்தது. வீடு ஒன்று, பங்கு பத்து, பங்காளி பத்து ஊரில். மராமத்துப் பார்க்க ஆளில்லாத வீடு கொஞ்சம் கொஞ்சமாக இந்தத் தெருவுக்கு நடந்து வருகிறது.

ஒரு கடையில் பெரியவர் ஒருவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீலை நீட்டினேன்.

"இது ஏன் உடைஞ்சுச்சு தெரியுமா தம்பி?"

"பழசு..."

"பழசாயிருந்தா உடையணுமா? நான் பழசு. உடைஞ்சா போயிட்டேன்?" மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கீலின் தகட்டில் வைத்தார். ஒட்டவில்லை. நடுவில் மிச்சமிருந்த கம்பியில் வைத்தார். 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா? தகடு பித்தளை. உள்ள ஓடுற கம்பி இரும்பு. உங்க ஊரு கடக்காத்துல அது துருப்பிடிச்சுச் செத்துப்போச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது."

ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். நூறு கீல் இருக்கும். காந்தத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தேடினோம். கம்பியிலும் ஒட்டாத ஜோடி ஒன்று கிடைத்தது. அதே இரண்டரை அங்குலம்!

"எனக்கு ஒண்ணு போதுமே?"

"ஒத்தையா மாத்தாதீங்க. பழசு தேய்ஞ்சிருக்கும், இது தேய்ஞ்சிருக்காது. கதவு கோணிக்கிட்டுத் தொங்கும்."

புது மேனேஜரையும் பழைய ஹெட்கிளார்க்கையும் ஒரே செக்ஷனில் போட்ட மாதிரி என்று எனக்குப் புரிந்தது. ஜோடி நானூற்றைம்பது ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

"இது எந்த வீட்டுக் கீலுங்கய்யா?"

விசிறி நின்றது. "அதைக் கேக்காதீங்க. சொன்னா எனக்கு விக்க மனசு வராது. உங்களுக்கு வாங்க மனசு வராது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அடுப்படி அலமாரிதான். அங்கனக்குள்ளயே போய்ச் சேருது. நல்லாருக்கட்டும்" என்று காகிதத்தில் பொட்டலம் கட்டினார். கூடவே, யார் மாட்டப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, கால் மணி நேரம் பாடமும் எடுத்தார்.

*

ஒரு கீலுக்காக வர எந்தத் தச்சரும் தயாராக இல்லை. "முழுக் கிச்சனும் பண்றதுன்னா சொல்லுங்க சார்." ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை நானே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பெரியவர் பாடம் இதுதான். உங்களுக்கும் உதவும்.

பழைய திருகாணித் தலையில் பெயின்ட் அடைத்திருக்கும். முதலில் அந்தப் பிளவைச் சுரண்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்குரூ டிரைவர் வழுக்கித் தலை மொட்டையாகிவிடும். பிடுங்கிக்கொண்ட ஓட்டைகளில் மருந்து கிள்ளின தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து நெருக்கமாகச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, மட்டமாக நறுக்க வேண்டும். இதை நான் சனிக்கிழமையே முடித்திருந்தேன். பித்தளைத் திருகாணி மெது. எடுத்தவுடன் முறுக்கினால் கழுத்து முறியும். அதே சைஸ் இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, பித்தளைக்குச் சோப்புத் தடவி ஏற்ற வேண்டும்.

புதுக் கீல் பள்ளத்தில் ஒரு மயிரிழை ஆழமாக உட்கார்ந்தது. அடியில் ஒரு அட்டைத் துண்டு கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். நண்பனின் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு ஓரம் வெட்டிக் கொடுத்தேன். (மாப்பிள்ளை மன்னிக்கவும்.) திருகும்போது கதவு சரியான உயரத்தில் நிற்க, அடியில் ஏதாவது அண்டை கொடுக்க வேண்டும். சுற்றிலும் தேடினேன். கைக்கு எட்டினது மாடுலர் கிச்சன் பிரோஷர். நாலாக மடித்தால் அளவாக இருந்தது!

மூன்று மணி நேரம். இரண்டு விரலில் பிளாஸ்திரி. கதவு நின்றது. விரலால் தள்ளினால் போதும், பூ மாதிரித் திரும்பியது.

"அம்மா, வந்து பாரு!"

அம்மா வந்தாள். வலது கையால் கதவைத் தேடிப் பிடித்து இழுத்தாள். அப்படியே நின்றாள். மறுபடி மூடினாள். மறுபடி இழுத்தாள்.

"ஏண்டா, திறந்திருக்கா, மூடியிருக்கா? சத்தமே வரலையே!"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த 'கிறீச்' பூஸ்ட் திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை. கதவு எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது, எங்கே இடித்துக்கொள்ளாமல் தலையை நீட்டலாம் என்று அவள் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருந்தாள். நானூறு கிலோமீட்டர் போய், நல்ல கீலாகப் பார்த்து வாங்கி, அவளுடைய பாதிக் கண்ணைப் பிடுங்கிவிட்டேனே!

மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். எங்கள் பெண்ணின் பழைய சலங்கையிலிருந்து இரண்டு மணியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நூலில் கோத்துக் கதவின் உள்பக்கம் கட்டினாள். கொஞ்சம் திறந்தால் ஒரு 'கிணிங்'. முழுசாகத் திறந்தால், மணி பலகையில் இடித்து இரண்டு.

அம்மா ஒரு தடவை திறந்து பார்த்தாள். "ம்" என்றாள். காபிப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிரோஷர் இன்னும் அலமாரிக்கு அடியிலேயே கிடக்கிறது. அதை எடுக்கட்டுமா என்று மனைவியைக் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து 'கிணிங்' என்று சத்தம்.

ஹாலிலிருந்து அம்மாவின் குரல்: "டேய், பூஸ்ட் டப்பாவைக் கீழே வை!"