தோணியும் வசையும்

குருநகர்க் கரையிலே தோணி என்பது மரியாதைக்குரிய சொல். முன்னர் கரையூர் என வழங்கிய அவ்வூரிலே கட்டுமரம், வள்ளம், தோணி எனக் கலங்களுக்குத் தனித்தனிப் பெயருண்டு. அவற்றை நம்பியே குடும்பங்கள் வாழ்ந்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளோடு சென்று 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததைக் குடாநாடு இன்றும் பெருமையோடு பேசும். கடலை இவ்வாறு போற்றிய மக்களின் மொழியிலேயே 'கள்ளத்தோணி' என்னும் வசையும் வழங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அச்சொல்லின் நேர்ப்பொருளில் வசை ஏதுமில்லை. அனுமதியின்றி ஆளையோ சரக்கையோ ஏற்றிவரும் தோணி கள்ளத்தோணி. அஃது ஒரு செயலின் பெயர். செயலுக்கு நாளுண்டு, செய்தவன் உண்டு, தண்டனைக்கு எல்லையும் உண்டு. ஆயின், அச்சொல் கலத்தை விட்டிறங்கி மனிதன் மேல் ஏறியபோது பிறப்பின் பெயராயிற்று. அட்டனிலோ பதுளையிலோ லயத்து அறையொன்றிற் பிறந்து, கடலையே கண்டிராத குழந்தையும் கள்ளத்தோணி எனப்பட்டது. இனவசையின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்துள் அடங்கிவிடுகின்றது.

அக்குழந்தையின் முன்னோரும் களவாக வந்தவரல்லர். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக ஆங்கிலேய ஆட்சிக்காலத் தோட்டத்துரைமாரே அவர்களை வரவழைத்தனர். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோருட் பலர் வழியிலேயே மாண்டனர். பிற்காலத்தில் வந்தோர் மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனையும் பதிவும் முடித்தே கடல் கடந்தனர். இத்தனை ஏடுகளிற் பெயர் எழுதப்பட்டவர்களைக் கள்ளர் என்று சொல்ல நாவு கூசவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 மனிதரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கியது. சொல் சட்டத்துக்கு வழிவிட்டதோ, சட்டம் சொல்லுக்குத் துணிவளித்ததோ எனக் கேட்டால், ஒன்றையொன்று வளர்த்தன என்பதே பொருந்தும்.

சிங்கள மொழியுள்ளும் அச்சொல் தமிழுருவிலேயே புகுந்தது. எனினும் பழியை அங்கு மட்டும் இறக்கி வைத்தல் நேர்மையாகாது. மலையகத்தாரின் உரிமைப் பறிப்பை எதிர்த்தே செல்வநாயகம் 1949 இல் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகித் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். மேடையிற் கேட்ட அக்குரல் யாழ்ப்பாணத்து அடுக்களைகளிற் கேட்டதில்லை. அங்கே ஏவலுக்கு நின்ற மலையகச் சிறுவர்க்குக் கிடைத்த பெயர்கள் 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்', 'கள்ளத்தோணி' என்பனவே. 'ஆர்' விகுதியை 'ஆன்' ஆக்கிவிட்டாற் போதும், குலப்பெயர் ஏச்சாகிவிடும். 'கரையார்' என்பது 'கரையான்' ஆகி ஒலித்ததைக் குருநகரும் தன் செவியாற் கேட்டதே. கேட்ட செவி தன் வாயைத் தடுத்ததோ எனின், எப்போதும் இல்லை.

'பறதெமளா' என்னும் சிங்கள வசையின் கதையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 'பர' என்பதற்கு அங்கே அந்நியன் என்பது பொருள். தமிழ்ச் செவியோ அதனைப் 'பறை' எனக் கேட்டது. சொந்த மண்ணில் அந்நியன் எனப்பட்டதற்காகக் கொதித்தவரிலும், சாதியில் இறக்கப்பட்டோமே எனக் கொதித்தவர் குறைந்தவரல்லர். எறிந்தவன் குறிவைத்த இடம் ஒன்று. புண் ஏற்கெனவே இருந்த இடம் வேறொன்று.

1983 இன் பின்னர் காலம் அச்சொல்லை யாழ்ப்பாணத்தின் மீதே திருப்பிவிட்டது. கடவுச்சீட்டும் அனுமதியுமின்றி, இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரத்துக் கரையில் இறங்கியவர்கள், இதுகாறும் ஏசப்பட்டவர் அல்லர். ஏசியவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே. 1986 ஆகத்தில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரும் நேர்ப்பொருளிற் கள்ளத்தோணியினரே. அதே ஆண்டு யூன் 10 ஆம் நாள் மண்டைதீவுக் கடலிலே தொழில் செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் முப்பது பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர் கடற்படையினர் எனப் பதிவுகள் கூறும். அவர்கள் எந்த எல்லையையும் கடக்கவில்லை. படகில் இருந்த தமிழர் என்பதற்கு மேல் அவர்கள்பால் வேறொரு குற்றமும் இல்லை.

மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. பழைய சொற்களோ இன்னும் கரையிலேயே கிடக்கின்றன. இந்திய இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து வலைகளை அறுத்துச் செல்வதாக வடபகுதி மீனவர் நெடுங்காலமாக முறையிடுகின்றனர். முறைப்பாடு நியாயமானதே, இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017 இல் தடைசெய்தது. (குருநகரிலும் அத்தொழில் செய்தோர் உண்டென்பதை மறைத்தலாகாது.) அங்கே கடக்கப்பட்ட எல்லையும் அறுந்த வலையும் உள்ளன, பெயர் சொல்லிக் கண்டிக்கச் செயல் ஒன்று உள்ளது. ஆயினும் வலையை இழந்தவனின் கோபம் மிகும்போது, படகை விட்டு மனிதன் மேல் ஏற 'வடக்கத்தியான்' என்னும் சொல் ஆயத்தமாக நிற்கின்றது. அச்சொல்லால் ஏசப்படும் இராமேசுவரத்து மீனவனின் தந்தை, 1983 இன் பின் நனைந்த ஆடையோடு கரையிறங்கிய யாழ்ப்பாணத்தவர்க்குக் கஞ்சி வார்த்தவராகவும் இருத்தல் கூடும்.